காண்டாமிருகம் போட்ட நாலணா

குழந்தை பிறந்து 30 மணி நேரம்கூட ஆகவில்லை. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், அன்று ஸ்டெதாஸ்கோப்பைக் கொஞ்சம் அதிக நேரம் நெஞ்சில் வைத்திருந்தார். "லேசா ஒரு சத்தம் கேக்குதும்மா. எதுக்கும் ஒரு எக்கோ பாத்துடுவோம்" என்றார். தலைப்பிரசவத்துக்கு மதுரையில் அம்மா வீட்டுக்கு வந்திருந்த அந்தப் பெண்ணுக்கு, அதன்பின் அவர் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை.

"நம்ம பரம்பரையில யாருக்கும் ஹார்ட்டுல கோளாறு கிடையாதே" என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருந்தார்.

எக்கோவில் ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. வெறும் ஒலி அலைதான். ஜெல் பட்டதும் 3 கிலோ குழந்தை ஒருமுறை சிணுங்கியது, அவ்வளவுதான்.

வினை ரிப்போர்ட்டில் இருந்தது. இதயத்தின் இடது கீழறை விரிந்த நிலையில் 18 மி.மீ. அப்பா போனில் தேடினார். இயல்பு அளவு 42 முதல் 58 மி.மீ. என்று வந்தது. "பாதிகூட இல்லையே..." என்று அவர் முணுமுணுத்ததுதான் தாமதம், அந்தப் பெண் உடைந்து அழ ஆரம்பித்துவிட்டார். தாளைக் கொடுக்கும்போதே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

இதய டாக்டர் வர ஒன்றரை மணி நேரமானது.

"நீங்க பாத்தது பெரிய ஆம்பளைங்களோட அளவு சார். பழைய 25 பைசா, காண்டாமிருகம் போட்டது, ஞாபகம் இருக்கா? கிட்டத்தட்ட அந்த அகலம்தான் இதுக்கு இருக்கணும்."

2 கிலோ குழந்தைக்கும் 4 கிலோ குழந்தைக்கும் ஒரே அளவு பொருந்தாதாம். எடை, நீளத்தை வைத்து உடலின் பரப்பைக் கணக்கிட்டு, அதே உடல்வாகுள்ள ஆரோக்கியமான குழந்தைகளின் சராசரியோடு ஒப்பிடுகிறார்கள். அதுதான் இசட் ஸ்கோர். மைனஸ் 2-க்கும் பிளஸ் 2-க்கும் நடுவில் இருந்தால் இயல்பு.

"வலது பக்கச் சுவர் தடிமன்னு போட்டிருக்கே டாக்டர்?"

"வயித்துக்குள்ள இருந்தப்போ வலது பக்கத்துக்குத்தான் வேலை அதிகம்மா. பொறந்த புதுசுல அப்படித்தான் இருக்கும்."

சத்தத்துக்குக் காரணம், கருவில் நுரையீரலுக்குப் போகாமல் ரத்தத்தைத் திருப்பிவிட்ட சிறு குழாய். நிறைமாதக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்களில் மூடிக்கொள்ளும். இதற்கு இன்னும் மூடவில்லை. பால் குடிக்கும்போது வியர்த்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ உடனே சொல்லச் சொன்னார். இரண்டு ராத்திரியும் அந்தப் பெண் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள் காலை, ஸ்டெதாஸ்கோப்பில் சத்தம் இல்லை. ஆறு வாரம் கழித்து இன்னொரு எக்கோ எழுதிக் கொடுத்தார்கள்.

"நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்றபடி பாட்டி பையைக் கட்ட ஆரம்பித்தார்.