முதலில் பைட்டைப் பாருங்கள்

நூலகங்களின் புத்தகப் பட்டியல்களை ஒன்றுசேர்க்கும் ஸ்கிரிப்டுகள் எழுதுவது என் அன்றாட வேலை. ஒரு கல்லூரி எக்செலில் அனுப்பும். இன்னொரு இடத்தில் வேர்டில் அடித்து, கமா போட்டுப் பிரித்துக் கொடுப்பார்கள். இரண்டிலும் ஒரே நூல், ஒரே ஆசிரியர், திரையில் ஒரே எழுத்து. ஓட்டினால் 'பொருத்தம் இல்லை' என்று வெளியீடு வரும். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் உடனே நிரலைத் திருத்த உட்கார்ந்துவிடுகிறார்கள். கையைக் கட்டிக்கொண்டு முதலில் பைட்டைப் பாருங்கள் என்பேன். திரை காட்டுவது கோப்பை அல்ல, எழுத்துரு அந்தக் கோப்புக்குச் சொல்லும் பொருளை.

பைட்டைப் பார்க்க ஓ.டி. என்ற சிறு கட்டளை போதும். 1971ஆம் ஆண்டு யூனிக்ஸ் கையேட்டிலேயே இருக்கிறது, இன்றும் எந்த லினக்ஸ் கணினியிலும் கிடைக்கும். ஒரு வரியை அதனுள் செலுத்தி, பைட்டுகளைப் பதின்ம எண்களாகக் கேட்டால் அப்படியே கொட்டிவிடும். ஆங்கில எழுத்தும் கமாவும் இடைவெளியும் 128க்குக் கீழே நிற்கும். தமிழ் எழுத்தும் துணைக்குறியும் ஒவ்வொன்றும் மூன்று பைட். முதல் பைட் 224, அடுத்தது 174 அல்லது 175. 'க' என்றால் 224 174 149. கொஞ்ச நாள் பழகினால் 224களின் வரிசைக்குள் அந்நியமாக நிற்கும் எண் கண்ணில் உறுத்தும்.

அடிக்கடி உறுத்துவது 13. விண்டோஸில் சேமித்த ஸ்கிரிப்டை லினக்ஸில் ஓட்டினால், கண்ணெதிரே இருக்கும் பேஷ் ஷெல்லைக் காணவில்லை என்று பிழைச்செய்தி வரும். ஓட்ட வேண்டிய நிரலின் பெயரைச் சொல்லும் முதல் வரியின் கடைசியில் 13 ஒட்டியிருப்பதால், அந்த 13ஐயும் சேர்த்த பெயரில் ஒரு நிரலை லினக்ஸ் தேடுகிறது. அப்படியொன்று இல்லைதானே! டெலிடைப் காலத்தில் அச்சுத்தலையை இடது ஓரத்துக்குக் கொண்டுவர ஒரு குறி, தாளை ஒரு வரி மேலே தள்ள இன்னொரு குறி: 13, 10. மல்டிக்ஸ் 10 மட்டும் போதும் என்று முடிவு செய்தது, யூனிக்ஸும் அதே வழியில் போனது. சிபி/எம், டாஸ் வழியாக விண்டோஸ் இரண்டையும் வைத்துக்கொண்டது.

இந்த 13ஐப் பிடிக்க நான் எப்போதும் செய்வது ஒன்று உண்டு. சந்தேகமான மாறியை அச்சிடும்போது இருபுறமும் சதுர அடைப்புக்குறி போடுவேன். மாறியில் 'பட்டியல்' மட்டும் இருந்தால் [பட்டியல்] என்று வரும். இடைவெளி ஒட்டியிருந்தால் மூடும் அடைப்பு விலகி நிற்கும். 13 ஒட்டியிருந்தாலோ ]பட்டியல் என்று வரும். டெர்மினல் 13க்குக் கீழ்ப்படிந்து வரியின் தலைக்குத் திரும்பி, அங்கிருந்த திறக்கும் அடைப்பின் மேலேயே மூடும் அடைப்பை எழுதிவிடுகிறது. பிழைச்செய்தியின் வால் தலைக்கு ஏறி, பாதி சொல் விழுங்கப்பட்டு வந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

மற்ற எல்லாத் தலைப்புகளும் சரியாகப் படிக்கப்பட்டு, முதல் நெடுவரிசை மட்டும் 'இல்லை' என்று வந்தால் கோப்பின் தலையில் 239 187 191 இருக்கிறதா என்று பாருங்கள். பாம் என்று நாங்கள் சொல்லும் குறி அது. பார்த்ததும் வெட்டிவிடாதீர்கள். அந்த மூன்று பைட் இல்லாத சிஎஸ்வி கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பெரும்பாலும் தமிழ் சிதைந்துவிடும். தலையில் கோடு சாய்ந்த ஆங்கில ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் என்று வரிவரியாக வரும். ஆகவே ஸ்கிரிப்டுக்குள் வரும்போது பாமை எடுப்பேன், எக்செலுக்கு அனுப்பும்போது திரும்பப் போடுவேன்.

இணையப் பக்கத்திலிருந்து கட்டளையை அப்படியே ஒட்டினால் 194 160 வரலாம். பார்வைக்கு இடைவெளி, ஷெல்லுக்கு அல்ல. சாதாரண இடைவெளியாக மாற்றிவிட்டால் தீர்ந்தது.

தமிழுக்கே உரிய சிக்கல்தான் என்னை அதிகம் நிறுத்தி வைப்பது. 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். 224 174 149 என்ற ககரத்தோடு 224 175 138 சேர்ந்தால் ஆறு பைட். கொம்பைத் தனியாகவும் காலைத் தனியாகவும் வைத்தால் 224 175 134, 224 174 190 என்று சேர்ந்து ஒன்பது பைட். பார்வைக்கு வேறுபாடே இல்லை. யூனிகோடு இரண்டையும் சமம் என்றே வகுத்திருப்பதால், பைத்தானில் நார்மலைஸ் செய்த பிறகு ஒப்பிட்டால் 'கொற்கை' இரண்டும் ஒன்றாகிவிடும். ஒப்பிடுவதற்கு முன் இதைச் செய்யாத தமிழ் ஸ்கிரிப்டை நான் ஏற்பதில்லை.

ஆனால் 'ஸ்ரீ' இதற்கு அடங்காது. ஸகரத்தில் தொடங்கியும் அதை எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். ஶகரம் 2005இல்தான் யூனிகோடின் 4.1ஆம் பதிப்பில் சேர்ந்தது. அதற்கு முந்தைய கோப்புகளில் ஸகரம்தான். பெரும்பாலான எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே வடிவமாக வரைகின்றன. யூனிகோடோ இவற்றைச் சமம் என்று சொல்லவில்லை, எனவே நார்மலைஸ் செய்தாலும் ஸ்ரீரங்கம் இரண்டாகவே கிடக்கும். இதற்குத் தனி விதி எழுதியே ஆக வேண்டும். மூலக் கோப்பில் கை வைக்காமல் ஒப்பிடும் நகலில் மட்டும் மாற்றுவதே முறை என்பது என் தீர்மானமான கருத்து. ஒரு நூலகம் தன் பட்டியலில் எப்படி எழுதியிருக்கிறதோ அது அவர்களுடையது.

துடைப்பதிலும் கவனம் வேண்டும். 13ஐ நீக்க டிஆர் கட்டளையைத் தயங்காமல் ஓட்டலாம். யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்தின் எந்தப் பைட்டும் 128க்குக் கீழே வராது. ஆனால் வேர்டு போடும் வளைந்த மேற்கோள்குறியை அதே டிஆரைக் கொண்டு நீக்கவே கூடாது. திறக்கும் குறியின் பைட்டுகள் 226 128 156. லினக்ஸில் நாங்கள் புழங்கும் குனூ டிஆர் எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டைப் பார்க்கிறது. மூன்றையும் தனித்தனியாக எங்கிருந்தாலும் பிடுங்கிவிடும். 'ஜ' எழுத்தின் கடைசி பைட் 156. ஈகாரக் குறியின் கடைசி பைட் 128. மேற்கோளை எடுக்கப்போய் ராஜாஜியும் சீவகனும் கோப்பு முழுக்க உடைவார்கள். அந்த வேலைக்கு, யூடிஎஃப்-8 சூழலில் எழுத்தை எழுத்தாகவே பார்க்கும் செட் (sed) கட்டளைதான் சரி.

சரிசெய்த கோப்பை அனுப்பும்போது, எந்த வரியில் எந்தப் பைட் மாறியது என்ற பட்டியலையும் சேர்த்தே அனுப்புகிறேன். அங்கே தட்டச்சு செய்பவர் வேர்டில் தானாக வளையும் மேற்கோளை அணைத்துவிட்டால், அடுத்த முறை வரும் கோப்பில் 226 128 156 இருக்காது.