எலி வளையானாலும்

பானட்டைத் திறந்ததும் முதலில் தெரிந்தது வைக்கோல். அடுத்து, வண்டி துடைக்க அப்பா வைத்திருந்த பழைய பனியனின் கிழிசல். ஏர் ஃபில்டருக்கும் பேட்டரிக்கும் நடுவே, சீட்டிலிருந்து பிய்த்த பஞ்சும் சிவப்பு, நீல, மஞ்சள் ஒயர்களின் தோலும் கலந்து மெத்தென்று ஒரு கூடு. உள்ளே கண் திறக்காத ஆறு குட்டிகள்.

2023 டிசம்பர். மிக்ஜாம் புயலின் வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நேரம். வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படகுகளும் வலைகளும் கறுத்துக் கிடந்த நாட்கள் அவை. திருவொற்றியூரில் எங்கள் தெருச் சாக்கடைகள் நிரம்பியதும் அங்கே குடியிருந்தவை எல்லாம் மேடு தேடி வந்தன. எங்கள் வாசலில் நான்கு சக்கரத்தின் மேல் நின்ற மேடு, இந்த வண்டி. பிள்ளையாருக்கு எலி வாகனம். எலிக்கு வாகனம் நான் கொடுத்தேன்.

குட்டிகளைப் பார்த்தபடி நின்றேன். அம்மா முறத்தோடு வந்து கூட்டை அப்படியே வாரிக்கொண்டு கொல்லைப் பக்கம் போனார். எங்கே கொண்டுபோனார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்தது.

அது டாடா மொபைல் வகை பிக்கப். அந்த வகை 1988இல் சந்தைக்கு வந்தது. அப்பா 1996இல் பழைய வண்டியாக வாங்கினார். பொன்னேரியில் எங்களுக்கு இருந்த நிலத்திலிருந்து நெல் மூட்டைகள் செங்குன்றத்து ஆலைகளுக்கும், கத்தரிக்காய்க் கூடைகள் கோயம்பேட்டுக்கும் அதில்தான் போயின. நான் கல்லூரி விடுதிக்குப் போனதும் அதில்தான். பெட்டி, பாய், வாளி, பின்னால் இரண்டு மூட்டை அரிசி.

2021இல் அப்பா உயில் எழுதாமல் இறந்தார். நிலம் அவர் சம்பாதித்து வாங்கியது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அதில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989இலேயே கொண்டுவந்தது, நாடு முழுமைக்கும் அது 2005இல் வந்தது என்றெல்லாம் வகுப்பில் ஆண்டு வாரியாகச் சொல்லிக்கொடுப்பவள் நான். அண்ணன் விடுதலைப் பத்திரத்தோடு வந்தபோது கையெழுத்துப் போட்டேன். யாரும் மிரட்டவில்லை. பொங்கலுக்குப் போக ஒரு பிறந்த வீடு வேண்டும் என்று நினைத்தேன். அந்த நினைப்புக்குக் கொடுத்த விலை மூன்றில் ஒரு பங்கு நிலம். என்னைப் போல் படித்த பெண்கள் எத்தனை பேர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து, வெளியே சொல்லாமல் இருக்கிறோம்?

கையெழுத்துப் போட்ட பிறகு, எனக்கு வண்டி வேண்டும் என்றேன்.

அண்ணன் சிரித்தார். "எடைக்குப் போடற வண்டி பாப்பா அது. உனக்கெதுக்கு?"

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். பெண்ணுக்குத் தனி அறை வேண்டும் என்று வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் எழுதியதை விளக்கும்போதெல்லாம் இந்தப் பழமொழியைத்தான் மாணவிகளிடம் சொல்வேன். என் தனி வளைக்கு நான்கு டயர் இருக்கட்டுமே என்று நினைத்தேன். உரிமையாளர் இறந்தால் வாரிசின் பெயருக்கு மாற்ற படிவம் 31. மற்ற வாரிசுகள் தங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்று எழுதித் தர வேண்டும். அண்ணன் எழுதித் தந்தார். அம்மாவிடமும் தாளை நீட்டினேன். எங்கே போடணும் என்று கேட்டு, காட்டிய இடத்தில் போட்டார்.

எங்கள் பகுதி வண்டிகள் பிறந்த பகுதி. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், பிறகு அசோக் லேலண்ட் ஆகி, எண்ணூரில் லாரிகள் செய்தது. 1955லிருந்து திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் உருவானது. தெருவுக்கு ஒரு மெக்கானிக் இங்கே உண்டு. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போன முதல் பட்டறையில், "சார் வரலையா?" என்றார்கள். இரண்டாவதில், "பேச ஆம்பள யாராவது இருந்தா அனுப்புங்கம்மா" என்றார்கள். மணலி போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்தில் இருந்த மூன்றாவது பட்டறையில் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் தம்பி எதுவும் கேட்காமல் டெஸ்ட் லாம்ப்பை எடுத்துக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு ஒயராகத் தொட்டார். விளக்கு எரிந்தது, எரியவில்லை, எரியவில்லை, எரியவில்லை.

"யக்கா, பெரிய வேல பாத்துருக்கு. ஹெட்லைட்டு, ஹாரன், டைனமோ லைனு, ஹீட்டர் பிளக்குக்குப் போற ஒயரு, எல்லாம் காலி."

எலி ஒயரைத் தின்பதில்லை. அதன் முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். பல்லின் முன்பக்கம் கெட்டி, பின்பக்கம் மெது. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் தேய்ந்து உளி போல் கூராகும். கொறிப்பது அதற்குப் பசியால் மட்டும் அல்ல. எஞ்சினின் சூடும் மறைவும் கூடு கட்ட ஏற்ற இடம். கைக்கு வந்த பொருள் ஒயர்.

பொங்கல் முடிந்து நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பட்டறையில் உட்கார்ந்தேன். புதுப்பேட்டையில் தேடி அதே வகை வண்டியின் பழைய ஒயரிங் செட் ஒன்றை வாங்கி வந்தோம். நல்ல ஒயர்களைப் பிரித்து, நுனித் தோல் சீவி, ஸ்லீவ் மாட்டி, முறுக்கி, பற்றவைத்து, டேப் சுற்றினோம். அந்தத் தம்பிதான் சொல்லிக்கொடுத்தார்: டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி வேண்டாம். காற்றை அமுக்கினால் வரும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். கரண்ட் முக்கியமாகத் தேவைப்படுவது கிளப்பிவிட. ஹீட்டர் பிளக் உள்ளே சூடேற்றும், செல்ஃப் சுற்றிவிடும். அதற்குப் பிறகு இந்தப் பழைய வண்டி தன் பாட்டுக்கு ஓடும். நாலாவது ஞாயிறு அது இருமி, கறும்புகை விட்டு, ஓடத் தொடங்கியபோது பட்டறையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள். வீட்டுக்கு நானே ஓட்டி வந்தேன். தெரு வேடிக்கை பார்த்தது.

ஆறு வாரம். ஹாரன் மீண்டும் செத்தது. புது டேப்பின் மேல் பல் தடம்.

"மருந்து வைங்க டீச்சர், ஒரே ராத்திரி" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் பதில் சொல்லவில்லை. முதுகலை இரண்டாம் ஆண்டில் எனக்கொரு மாணவி இருந்தாள். விருப்பமில்லாத நிச்சயதார்த்தத்துக்கு முந்தைய வாரம், வீட்டில் எலிக்கென்று வாங்கி வைத்திருந்தது அவள் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது. அவள் திரும்பி வரவில்லை. அவளைப் போல் எத்தனையோ பேரை இழந்த பிறகுதான், மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலிப்பசைக்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தது. தாங்க முடியாது என்று தோன்றும் நேரம் பல சமயம் கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்தில் கையருகே என்ன இருக்கிறது, பேச யார் இருக்கிறார்கள் என்பதில் ஒரு உயிர் தங்கிவிடலாம்.

இதை அன்று இரவு அம்மாவிடம் சொன்னேன். அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "வயசுப் பொண்ணு இருக்கிற வீட்ல அந்த மருந்து வாங்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவாங்க. நானும் வாங்கினதில்ல. உனக்குத் தெரியாது."

எனக்குத் தெரியாதுதான். பொன்னேரி வீட்டில் குதிர் நிறைய நெல் இருந்தது. எலி இல்லாத ஊர் அல்ல அது. பின் எப்படி நெல் மிஞ்சியது என்று நான் யோசித்ததே இல்லை. ராத்திரி இரண்டு முறை எழுந்து அம்மா லாந்தரோடு சுற்றிவருவதைப் பாதித் தூக்கத்தில் பார்த்திருக்கிறேன். குதிரின் அடியில் விரிசல் விட்டால் மண் குழைத்து அப்புவார். சிந்திய நெல்லை அன்றன்றே கூட்டுவார். விளைவித்தவர் அப்பா. அதற்குக் கணக்கு இருந்தது: ஏக்கருக்கு இத்தனை மூட்டை. காத்தவர் கணக்கில் இல்லை. நடக்காமல் போன ஒன்றை எந்த நோட்டில் எழுதுவது?

இன்னொருத்தியும் கணக்கில் இல்லை. அறுவடை முடிந்ததும் இருளர் குடும்பம் ஒன்று எலி பிடிக்க வரும். அந்த அக்கா ஓட்டைப் பானையில் வைக்கோலை மூட்டி, வளை வாயில் கவிழ்த்து, பானையின் துளையில் வாய் வைத்து ஊதுவார். கண் சிவந்து, உதடு வெந்து, இருமியபடி ஊதுவார். பிடித்த எலியும் வளைக்குள் தோண்டி எடுத்த நெல்லும்தான் கூலி. எலி எங்கள் வயலில் திருடிய நெல்லை, அவருக்கு நாங்கள் தருவதாக நினைத்துக்கொண்டோம். இருளர் எலி பிடிப்பதற்குக் கையால் சுற்றும் எஃகுப் புகைக் கருவி பிற்காலத்தில் வந்தது. எங்கள் வயலுக்கு வந்த அக்காவுக்கு அது கிடைத்ததா என்று நாங்கள் யாரும் விசாரித்ததில்லை.

மறுநாள் அம்மா வேலையைக் கையில் எடுத்தார். பின்தட்டின் இடுக்குகளில் இருபது வருட நெல்மணி இருந்தது; ஊக்கால் நோண்டி எடுக்கச் சொன்னார். எலியின் மூத்திர வாடை அடுத்த எலிக்கு வழிகாட்டும், எலிக்காய்ச்சலும் அதில்தான் பரவும். கையுறை மாட்டி, ப்ளீச்சிங் பவுடர் கரைத்த நீரால் நனைத்துத் துடைத்து, பிறகு கழுவினோம். சுண்டு விரல் நுழையும் துளைகளைக்கூட விடாமல் இரும்பு வலை வைத்து அடைத்தோம். காசிமேட்டிலிருந்து நெத்திலிக் கருவாடு வாங்கி, சுட்டு, பொறியில் வைத்தார். முதல் வாரம் மூன்று. அதில் ஒன்று பெருச்சாளி. ஆங்கிலத்தில் பேண்டிகூட் என்பது தெலுங்கின் பந்திகொக்கு, அதாவது பன்றி எலி என்றேன். "பேரு இருக்கட்டும், பொறியைத் தூக்கு" என்றார்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டி தினமும் கிளம்ப வேண்டும் என்றார். புழங்குகிற இடத்தில் எலி தங்காதாம். காலையில் நான் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் அது எனக்கு முடியவில்லை. ஒரு நாள் குளித்துக்கொண்டிருந்தபோது வாசலில் எஞ்சின் சத்தம். ஈரத் தலையோடு ஓடிவந்தேன். எழுபத்திரண்டு வயது அம்மா ஓட்டுநர் இருக்கையில்.

"யாரும்மா சொல்லிக்கொடுத்தது?"

"உங்கப்பாவுக்குக் கை உடைஞ்சப்ப மூணு மாசம் களம் வரைக்கும் யாரு ஓட்டினாங்கன்னு நெனச்ச? சாவியத் திருப்பி இருபது எண்ணணும். அப்பறம்தான் செல்ஃப் அடிக்கணும்."

பிறகு, போகிற போக்கில் சொன்னார்: இந்த வண்டி அவருடைய இரட்டை வடச் சங்கிலி. 1996இல் சேட்டுக் கடைக்குப் போனது, திரும்பவில்லை.

அன்று கல்லூரியில் எனக்கு வகுப்பு ஓடவில்லை. அண்ணன் என்னிடம் பத்திரத்தை நீட்டியதுபோல்தான் நான் அம்மாவிடம் தாளை நீட்டியிருக்கிறேன். யார் வாங்கியது என்று கேட்கவில்லை. தனி வளை, தனி வளை என்று சொல்லிக்கொண்டே இன்னொருத்தியின் சங்கிலிக்குள் குடியேறியிருக்கிறேன். என் உரிமைப் பாடத்தில் அம்மா எப்போதும் எனக்கு எடுத்துக்காட்டாக இருந்தார், உரிமையாளராக இருந்ததில்லை.

மாலையில் கேட்டேன். "வண்டிய உன் பேருக்கு மாத்திடலாமாம்மா?"

அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத மொதல்ல கேட்டிருக்கணும்." பொறியில் கருவாட்டைக் குத்தினார். "வண்டி உன் பேர்லயே இருக்கட்டும். நெலத்துல என் பங்குக்கு நான் இன்னும் கையெழுத்துப் போடல. உங்கண்ணன் போன வாரமும் பேப்பரோட வந்தான். கண்ணாடி ஒடைஞ்சிருக்கு, படிச்சுப் பாத்துத்தான் போடுவேன்னு அனுப்பிச்சிட்டேன்."

அம்மாவின் கண்ணாடி மூக்கின் மேல் முழுசாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை பொன்னேரிக்கு எடு. வில்லங்கம் போட்டுப் பாக்கணும். டீசல் நான் போடறேன்."