யூக்ளிட் போட்ட கோடு

பள்ளிக்கூடத்தில் நம்மைப் படுத்தி எடுத்த ஜியோமெட்ரி ஆசாமி யூக்ளிட் பெயரில் அமெரிக்காவில் ஓர் ஊரே இருக்கிறது! ஒஹாயோ மாநிலம், கிளீவ்லாண்டை ஒட்டிய புறநகர். அங்கேயும் கோடு போடுவதுதான் விசேஷம். 1922-ல் இது வீட்டுக்கு, இது கடைக்கு, இது ஆலைக்கு என்று ஊரைப் பிரித்தார்கள். 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் கம்பெனி வழக்குப் போட்டது. 1926-ல் சுப்ரீம் கோர்ட் 'கோடு செல்லும்' என்றுவிட்டது. அப்புறம் நாடு பூரா கோடுதான்.

பக்கத்து ஊரில், முதியோர் குடியிருப்புக்கு விதிவிலக்கு கேட்ட கூட்டத்தில் போய் உட்கார்ந்தேன். 'வேரியன்ஸ்' என்கிறார்கள். ரெண்டு மாடிக்கு மேல் கூடாத தெருவில் மூணு மாடி வேணுமாம். லாபம் வரும் என்றால் எடுபடாது. அந்த மனைக்கே உள்ள சிரமத்தைக் காட்டணும்.

அக்கம்பக்கத்தார் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஆம்புலன்ஸ் சத்தம், டிராஃபிக், தோட்டத்தில் நிழல்! எதிர்த்தவர்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்திருந்தது.

கடைசியில் கைத்தடியோடு ஒரு பாட்டி: "என் வீட்டு மாடிப்படி எனக்கு ஏற முடியலை. வித்துட்டா, இந்த ஊர்ல எனக்குத் தோதா சின்ன வீடு கிடையாது. சிநேகிதிங்க, டாக்டர், சர்ச் எல்லாம் இங்கேதான். நான் எங்கே போறது?"

மூணு நிமிஷம் முடிந்து மணி அடித்தது. முடிவை அடுத்த மாசத்துக்குத் தள்ளிவைத்தார்கள்.

உயரம், அகலம், நிழல் எல்லாத்துக்கும் விதிப் புத்தகத்தில் அளவு இருக்கு சார். பாட்டிக்கு ஒரு மாசம் எவ்வளவு நீளம்னு மட்டும் போடலை.