கையொப்பமிட்ட தாள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடிவரவுச் சட்டம் தன் எல்லைக்குள் வருகின்ற அயலாரை ஆங்கில நெடுங்கணக்கின் எழுத்துகளால் வகைப்படுத்துகின்றது. தூதர்களுக்கு ஏ, வணிக நிமித்தமாகவும் ஊர் காணவும் வருவோர்க்கு பி, மாணவர்க்கு எஃப், வேலைக்கு வருவோர்க்கு எச். இவற்றுள் எஃப், எச் ஆகிய இரண்டும் நம் ஊரில் பெண் பார்க்கும் பேச்சுகளில்கூட அடிபடுகின்றன. ஜே என்னும் எழுத்தை அறிந்தவர் குறைவு. அறிந்தவரிலும் பலர், எச் கிடைக்காதவர்க்கு வைத்திருக்கும் கொல்லைப்புற வாசல் அது என்றே எண்ணுகின்றனர். கல்லூரியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வணிகவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த உரிமையில் பழைய மாணவர்களும் பங்கில் தெரிந்தவர்களும் இத்தகைய தாள்களை என்னிடம் கொண்டுவந்து, "சார், இதைக் கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள்" என்று கேட்பது வழக்கம். அவ்வாறு படித்துப் படித்தே இந்த எழுத்தோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது.

அதன் பிறப்பு அழகானது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்கப் படைகள் விட்டுச் சென்ற தளவாடங்கள் பல நாடுகளில் குவிந்து கிடந்தன. அவற்றை விற்று வரும் பணத்தில் மாணவரையும் ஆசிரியரையும் நாடு விட்டு நாடு அனுப்பலாம் என்று ஆர்க்கன்சாஸ் மாநிலத்து மேலவை உறுப்பினர் வில்லியம் ஃபுல்பிரைட் முன்மொழிந்தார். 1946-இல் அது சட்டமாயிற்று. அவரும் இளமையில் ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்போர்டில் பயின்றவர். அயல்நாட்டில் கற்பது மனிதனை என்ன செய்யும் என்பதைத் தம்மிலேயே கண்டவர். பின்னர் 1961 செப்டம்பரில் ஃபுல்பிரைட்-ஹேஸ் சட்டத்தில் குடியரசுத் தலைவர் கென்னடி கையொப்பமிட்டார். பரிமாற்ற வருகையாளர் என்ற ஜே பிரிவு அச்சட்டத்தின் வழியே பிறந்தது. நாடுகளின் மக்களுக்கிடையே ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ளுதல் வளர வேண்டும் என்பதே அதன் நோக்கமாக எழுதப்பட்டுள்ளது. போர்க்கருவி விற்ற பணத்தில் தொடங்கிய நட்பு என்று வகுப்பில் சொல்லும்போதெல்லாம் பின் இருக்கை மாணவனும் நிமிர்ந்து பார்ப்பான்.

பேராசிரியர், ஆய்வாளர், மருத்துவர், பள்ளி மாணவர் எனப் பல தரத்தார் இப்பிரிவில் அடங்குவர். அவர்களுள் ஒருவரே 'பயிற்சியாளர்'. இங்கே அச்சொல் பயிற்சி பெறுபவரைக் குறிக்கும். பட்டமோ தொழிற்கல்விச் சான்றோ பெற்று, அதன்பின் தம் நாட்டில் அத்துறையில் ஓராண்டாவது பணிபுரிந்தவர், அல்லது பட்டம் இல்லாவிடினும் ஐந்தாண்டுப் பணி அனுபவம் உடையவர் இதற்கு விண்ணப்பிக்கலாம். வணிகம், நிதி, மேலாண்மை முதலிய துறைகளில் 18 மாதம் வரையும், விடுதி மற்றும் சுற்றுலாத் துறையில் 12 மாதம் வரையும் அங்குள்ள நிறுவனங்களில் பயிலலாம். பயின்றபின் வீடு திரும்ப வேண்டும்.

இதனை நடத்துவது அந்நாட்டின் வெளியுறவுத் துறை, தொழிலாளர் துறையன்று. இந்த ஒரு செய்தியில்தான் பெருமையும் தொல்லையும் ஒருங்கே உள்ளன. வெளியுறவுத் துறை தானே யாரையும் அழைப்பதில்லை. 'பொறுப்பேற்பாளர்' என்று சில அமைப்புகளை அது அங்கீகரிக்கிறது. அவை ஆட்களைத் தேர்ந்து, ஏற்கும் நிறுவனத்தில் சேர்த்து, கண்காணிக்க வேண்டும். ஆக, பயில்பவர், பொறுப்பேற்பவர், இடம் தருபவர் என மூவர். இம்மூவரும் கையொப்பமிடும் தாள் ஒன்று உண்டு. டி.எஸ். 7002 என்பது அதன் எண். பயிற்சித் திட்டம் என்பது அதன் பெயர். எந்தப் பிரிவில் எத்தனை வாரம், என்ன கற்பார், யார் கற்பிப்பார், ஊதியம் எவ்வளவு என்பனவெல்லாம் அதில் எழுதப்பட வேண்டும். அது நிறைவு பெறாமல் விசாவுக்குரிய சான்றிதழை வழங்கலாகாது. திறன் தேவைப்படாத கூலி வேலைக்குப் பயிற்சியாளரை வைக்கக் கூடாது. எழுத்தர் வேலை 20 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது. விடுதித் துறையில் ஆறு மாதமும் அதற்கு மேலும் நடக்கும் பயிற்சி குறைந்தது மூன்று பிரிவுகளில் நடைபெற வேண்டும் என்றெல்லாம் விதிகள் உள்ளன.

இவ்வளவு விதிகள் எதற்கு என்று கேட்கலாம். கணக்கு அறிந்தவர்க்கு விடை எளிது. அமெரிக்காவில் ஒருவருக்குச் சம்பளமாக 100 டாலர் கொடுக்கும் முதலாளி, சமூகப் பாதுகாப்பு வரி, முதியோர் மருத்துவ வரி ஆகியவற்றுக்காகத் தன் பங்கு 7.65 டாலரும் செலுத்த வேண்டும். ஜே பிரிவில் வந்து அந்நாட்டு வரிச் சட்டப்படி குடியிராதவராகக் கருதப்படுபவருக்கு அவ்வரி இல்லை. அவரிடமும் பிடிப்பதில்லை, முதலாளியும் கட்டுவதில்லை. அதோடு அவர் வேலையை உதறிவிட்டு எதிர்க்கடைக்குப் போக முடியாதவர். கற்க வந்தவர் கையாளாக மாறுவதற்கு இவ்விரண்டும் போதும். 2005-இல் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகமே, இத்திட்டத்தின் மேற்பார்வை போதவில்லை என்று அறிக்கை அளித்தது. 2007-இல் விதிகள் இறுக்கப்பட்டன. ஆயினும் 2011 ஆகஸ்டில், ஜே பிரிவின் மற்றொரு கிளையான கோடைக்கால வேலைத் திட்டத்தில் பல நாடுகளிலிருந்து வந்த மாணவர்கள், பென்சில்வேனியா மாநிலத்தின் பால்மைரா என்னும் ஊரில் ஹெர்ஷி சாக்லேட்டுகளைக் கட்டும் கிடங்கில் வேலையை நிறுத்தி வெளியே வந்து நின்றனர். அமெரிக்கப் பண்பாட்டைக் காண ஆயிரக்கணக்கான டாலர் கட்டி வந்த பிள்ளைகள் இரவு முறையில் பாரப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள் என்பதை உலகம் அன்று அறிந்தது.

இதையெல்லாம் நான் நூலறிவாக மட்டும் அறிந்திருந்தேன், என் தங்கை மகள் அங்கு செல்லும் வரை.

அவள் சென்னையில் விடுதி மேலாண்மை பயின்றவள். பெரிய விடுதி ஒன்றின் வரவேற்புப் பிரிவில் இரண்டாண்டு பணிபுரிந்தவள். 2020 தொடக்கத்தில் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. கொள்ளைநோய் வந்தது, அவ்வாண்டு ஜூனில் பயிற்சியாளர்களின் வருகையை அந்நாடு தடை செய்தது, 2021 மார்ச் இறுதி வரை அத்தடை நீடித்தது. கட்டிய பணத்தில் பாதி போயிற்று. 2022-இல் மீண்டும் முயன்று, ஜெமினி மேம்பாலத்தருகே துணைத் தூதரகத்து வரிசையில் நின்று, நேர்காணலில் தேறினாள். அங்கே அவளுக்கு ஒரு சிறு கைப்புத்தகம் கொடுத்தார்கள். தற்காலிகமாக வேலை செய்யவும் பயிலவும் வருவோரின் உரிமைகளைக் கூறும் அதனை, அடிமை வாணிகத்தை ஒழிக்கப் போராடிய வில்பர்ஃபோர்ஸ் பெயரால் வழங்குகின்றனர். விடுதி மேலாண்மை பயிலப் போகும் பெண்ணின் கையில் அடிமை ஒழிப்பாளர் பெயரைத் தாங்கிய புத்தகத்தைத் தருகிறார்களே என்று என் தங்கை சற்று அஞ்சினாள். தருவதே நல்லது என்றேன் நான்.

அவளுடைய திட்டத்தாளில் 12 மாதமும் மூன்றாகப் பகுக்கப்பட்டிருந்தன. நான்கு மாதம் வரவேற்புப் பிரிவு, நான்கு மாதம் விற்பனை மற்றும் விருந்து ஏற்பாடு, நான்கு மாதம் வருவாய் மேலாண்மை. அறைக்கு எந்நாளில் எவ்விலை வைப்பது என்று கணிக்கும் அந்த மூன்றாம் பகுதிக்காகவே அவள் போனாள். நகைகளை அடகு வைத்து, ஐந்து இலட்சத்துக்குச் சற்றுக் குறைவாகத் திரட்டி அனுப்பினோம்.

தெற்கு மாநிலம் ஒன்றின் கடற்கரை ஊர். முதல் இரண்டு வாரம் வரவேற்பு மேசையில் நின்றாள். கோடைக் கூட்டம் வந்தது, ஆள் பற்றவில்லை. மூன்றாம் வாரம் அறைகளைத் துப்புரவு செய்யும் பிரிவுக்கு மாற்றினார்கள். நாளொன்றுக்குப் பதினான்கு அறை. படுக்கை விரிப்பை மாற்றி, குளியலறை கழுவி, துவாலை மடித்து வைக்க வேண்டும். "அடியிலிருந்து கற்பதே எங்கள் முறை" என்று மேலாளர் சொன்னாராம். அச்சொல் முழுப் பொய்யன்று. விரிப்பு மடிக்கத் தெரியாதவர் விடுதி நடத்த இயலாது. கல்லூரியிலேயே அதைக் கற்பிக்கிறார்கள். ஒரு வாரம் செய்திருந்தால் அவளும் பேசாதிருந்திருப்பாள். நான்கு மாதமாயிற்று.

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அவள் தொலைபேசியில் அழைப்பாள். "மாமா, இங்கே என்னைப் போல வேறு நாட்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் இருக்கிறார்கள். யாரும் வாய் திறப்பதில்லை" என்றாள் ஒருநாள். திறப்பது எளிதன்று. தங்கியிருந்த அறையும் விடுதிக்குரியது. வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். பயிற்சியை நிறைவு செய்தவர்க்கு ஊர் திரும்ப 30 நாள் அவகாசம் உண்டு. இடையில் நீக்கப்பட்டவர்க்கு அதுவும் இல்லை. "ஒரு வருஷந்தானே, பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள் அண்ணா. கடன் அடையட்டும்" என்று தங்கை என்னிடம் அழுதாள். அவள் கூற்றிலும் நியாயம் இருந்தது. வட்டி ஓடிக்கொண்டிருந்தது.

அவளிடம் நான் சொன்னது ஒன்றுதான். வணிகவியலில் முதற்பதிவு செய்யும் ஏட்டைக் குறிப்பேடு என்போம். நிகழ்ந்ததை நிகழ்ந்த அன்றே, நாள் வரிசையில் எழுத வேண்டும். "நீயும் அதுபோல் ஒன்று வைத்துக்கொள். இடப்பக்கத்தில் திட்டத்தாளில் அந்த வாரத்துக்கு எழுதியிருப்பது. வலப்பக்கத்தில் நீ செய்தது, எத்தனை மணி நேரம், எந்தப் பிரிவில். கோபத்தை எழுதாதே, எண்ணிக்கையை மட்டும் எழுது" என்றேன். எழுதினாள். இடப்பக்கத்தில் விருந்தினர் முன்பதிவு மென்பொருள் என்றிருக்கும். வலப்பக்கத்தில் அறை எண்கள் இருக்கும்.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பயிற்சிக்கு நடுவிலும் முடிவிலும் மதிப்பீட்டுப் படிவம் உண்டு. நடு மதிப்பீட்டு நாளில் மேலாளர் அதை நிரப்பியே கொண்டுவந்தார். வரவேற்புப் பிரிவுப் பயிற்சி முற்றுப்பெற்றது, விற்பனைப் பிரிவில் நல்ல முன்னேற்றம் என்று எல்லாக் கட்டங்களிலும் குறியிட்டிருந்தது. அவள் கையொப்பம் ஒன்றே பாக்கி. மற்ற இருவரும் இட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களின் கடன் எங்கள் கடனைவிடப் பெரிது என்று பின்னால் அறிந்தேன்.

அவள் இடவில்லை. படித்துப் பார்த்து நாளை தருகிறேன் என்று சொல்லி அறைக்கு வந்து, திட்டத்தாளின் படியையும் குறிப்பேட்டின் பக்கங்களையும் படமெடுத்து, பொறுப்பேற்ற அமைப்புக்கு அனுப்பிவிட்டாள். எங்கள் எவரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தங்கை தடுத்திருப்பாள். நானும் ஒரு நாள் பொறு என்றுதான் சொல்லியிருப்பேன். அனுப்பிய பிறகே சொன்னாள்: "பொய்யென்று தெரிந்து எப்படி மாமா கையெழுத்துப் போடுவது? நான் சென்னையில் கற்றுக்கொண்டு வந்தது கூட அந்தப் படிவத்தில் அவர்கள் கற்றுக்கொடுத்ததாக ஆகிவிடுமே."

அடுத்த நான்கு நாட்கள் எங்கள் வீட்டில் யாரும் சரியாக உண்ணவில்லை. ஐந்தாம் நாள் அமைப்பிலிருந்து அவளை அழைத்துப் பேசினார்கள். பின் விடுதியோடு பேசினார்கள். அங்கே என்ன பேசப்பட்டதென்று அவளுக்குச் சொல்லப்படவில்லை. மறுவாரம் அவள் வரவேற்பு மேசைக்குத் திரும்பினாள். மூன்று வாரம் கழித்து விற்பனைப் பிரிவு. இறுதி மூன்று மாதம் வருவாய்ப் பிரிவில் வயதான அமெரிக்க மாது ஒருவரிடம் பயின்றாள். அவர் தம் பேரப்பிள்ளைக்குச் சொல்வதுபோல விலைக் கணிப்பைச் சொல்லிக்கொடுத்தாராம். நன்றி நவிலும் நாளன்று தம் வீட்டுக்கு அழைத்து உணவிட்டாராம். ஃபுல்பிரைட் கண்ட கனவில் அந்த வீட்டு மேசையும் ஒரு துண்டு என்று நான் நினைத்துக்கொண்டேன். மேலாளர் மட்டும் கடைசி வரை அவளோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. மிகைநேர வேலையும் கொடுக்கவில்லை. அதனால் கடன் அடைய ஓராண்டு கூடுதலாயிற்று. துப்புரவில் போன நான்கு மாதத்தைத் திருப்பித் தர எந்த விதியிலும் வழியில்லை.

2023-இல் திரும்பிவிட்டாள். இப்போது கோயம்புத்தூரில் ஒரு விடுதியின் வருவாய்ப் பிரிவில் இருக்கிறாள். அங்கேயே தங்க வழி தேடியிருக்கலாமே என்று உறவினர் கேட்கின்றனர். பரிமாற்றம் என்றால் திரும்பி வருவதும் அதில் ஒரு பாதி என்பதை அவர்களுக்கு விளங்கவைக்க என்னால் இயலவில்லை. ஜே பிரிவில் சென்றவருள் சில துறையினர் இரண்டாண்டு தாய்நாட்டில் வாழ்ந்த பின்னரே எச் விசாவோ நிலையான குடியுரிமையோ கேட்கலாம் என்ற கட்டுப்பாடு முன்பு இந்தியருக்கும் இருந்தது. அதற்குரிய துறைப் பட்டியலிலிருந்து 2024 டிசம்பரில் இந்தியா நீக்கப்பட்டது. மறுபக்கம் 2025 மே மாத இறுதியில் புதிய மாணவர், பரிமாற்ற விசா நேர்காணல்களுக்கு நாள் ஒதுக்குவதைச் சில வாரம் நிறுத்திவைத்தார்கள். ஜூனில் மீண்டும் தொடங்கியபோது, விண்ணப்பிப்போர் தம் சமூக ஊடகக் கணக்குகளை எவரும் காணத் திறந்து வைக்க வேண்டும் என்றார்கள். கதவு ஒருபுறம் அகல்கிறது, ஒருபுறம் ஒடுங்குகிறது.

அண்மையில் எங்கள் தெருப் பையன் ஒருவன், பி.காம். முடித்து மூன்றாண்டு ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுபவன், முகவர் ஒருவர் அனுப்பிய அழைப்புக் கடிதத்துடன் வந்தான். நிதித் துறையில் 18 மாதப் பயிற்சி. முன்பணம் இரண்டு இலட்சம் உடனே கட்ட வேண்டும். கடிதம் வண்ணத்தாளில் அழகாக இருந்தது. தங்கை மகளைத் தொலைபேசியில் அழைத்து அவனிடமே கொடுத்தேன். அவள் விசாரித்தது பணத்தையோ ஊரையோ அன்று. "தம்பி, டி.எஸ். 7002 கையில் இருக்கிறதா? எந்த மாதம் எந்தப் பிரிவு என்று அதில் எழுதியிருக்கும். உன் மேற்பார்வையாளர் யாரென்று இருக்கும். அதை வாசி பார்ப்போம்" என்றாள். அவனிடம் அது இல்லை. பணம் கட்டியபின் வரும் என்று முகவர் சொன்னாராம். முதலில் அதன் வரைவையாவது அனுப்பச் சொல், பிறகு பணத்தைப் பேசு என்றாள்.

அவன் கேட்டிருக்கிறான். மூன்று வாரம் ஆகிறது. வரைவு இன்னும் வரவில்லை. பணம் அவன் தாயின் சேமிப்புக் கணக்கிலேயே இருக்கிறது.