கண்ணாடியில் படிந்த மெழுகு

சென்ற ஆண்டு ஆயுத பூஜைக்கு இரண்டு நாட்கள் முன்பு எங்கள் காருக்கு நானே மெழுகு பூசினேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த தொகையில் வாங்கிய அடர்நீல நிறக் கார் அது. வெளியே கொடுத்தால் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள் என்பது ஒரு காரணம். கை கால் அசையட்டுமே என்பது மற்றொரு காரணம். அந்த ஒரு காலைப் பொழுதின் வேலை, இனி ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை என்று நான் முடிவெடுக்கும் அளவுக்குப் போய்விட்டது.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். தஞ்சாவூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பானட்டின் மீது கை வைக்க முடியவில்லை. ஆயினும் டப்பாவிலிருந்து மெழுகை வழித்தெடுத்து, பழைய வேட்டித் துணியால், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதைப் போலத் தாராளமாகப் பூசினேன். வண்டி முழுவதும் பூசி முடித்த பிறகே துடைக்கத் தொடங்கினேன். முன் கண்ணாடியும் மின்னட்டும் என்று, அதே துணியால் அதையும் நன்றாக அழுத்தித் துடைத்தேன். பின்னால் வந்த தொல்லைக்கெல்லாம் மூலம் இந்தக் கடைசிக் காரியம்தான்.

வண்டி மின்னவில்லை. பானட்டில் மேகத் திட்டுகள். கதவுகளில் கோடு கோடாக எண்ணெய்ப் பிசுக்கு. தேய்க்கத் தேய்க்கத் திட்டு இடம் மாறிற்றே தவிர மறையவில்லை. பூஜையன்று சந்தனம் குங்குமம் இடும்போது என் மனைவி, "ஏங்க, யாரோ ஈரக் கையால தடவின மாதிரி இருக்கே?" என்றாள். "காய்ந்தால் சரியாகிவிடும்" என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த சில வாரங்களில் கும்பகோணத்தில் ஓர் உறவினரின் அறுபதாம் கலியாணம். இரவு உணவை முடித்துக்கொண்டு புறப்பட்டோம். பாபநாசம் தாண்டியதும் தூறல் பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டேன். அது ஒரு முறை போய் வந்ததும் கண்ணாடி முழுவதும் வெண்மையாகப் படலம் பரவிற்று. எதிரே வந்த பேருந்தின் விளக்கு ஒரு விளக்காகத் தெரியவில்லை. கண்ணாடி முழுவதும் ஒளியாகச் சிதறிற்று. அந்த ஒளிக்குள் சாலையே மறைந்துபோயிற்று. அய்யம்பேட்டைக்குச் சற்று முன்பு, "ஐயோ, ஆள்!" என்று மனைவி கத்திய பிறகே பிரேக்கை மிதித்தேன். சைக்கிளில் புல்லுக்கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு போன முதியவர் ஒருவர், எங்கள் வண்டிக்கு இரண்டு முழ தூரத்தில் நின்றிருந்தார். என் வயதுதான் இருக்கும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்துவிட்டு மெல்ல ஓரம் ஒதுங்கிப் போனார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

வீடு வந்து சேரும்வரை நாங்கள் பேசவில்லை. படுத்தும் உறக்கம் வரவில்லை. கண் போய்விட்டது என்றே நிச்சயித்தேன். பெங்களூரிலுள்ள மகன் நீண்ட நாட்களாகச் சொல்லிவந்தான்: "அப்பா, இந்த வயசுல எதுக்கு டிரைவிங்? வித்துடுங்க." மறுநாள் அவனிடம் தொலைபேசியில் பேசியபோது, நடந்ததை மறைத்து, "நீ சொன்னதுதான் சரி, விற்றுவிடலாம்" என்று மட்டும் சொன்னேன். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மனைவி சமையலறைக்குள் போய்விட்டாள். நினைத்த நேரத்தில் சுவாமிமலைக்கும் திருக்கருகாவூருக்கும் அவளை அழைத்துச் சென்ற வண்டி அது.

கண் மருத்துவரிடம் சென்றேன். சோதித்துப் பார்த்த அந்த அம்மையார், கண்புரை இப்போதுதான் தொடங்கியிருப்பதாகவும், உடனடியாக அறுவை சிகிச்சை தேவையில்லை என்றும் சொன்னார். நான் நம்பவில்லை. அந்த இரவில் கண்டதை விவரித்தேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "வீட்டு வாசலில் நின்று தெருவிளக்கைப் பார்த்தால் இப்படித்தான் சிதறுகிறதா சார்?" என்று கேட்டார். இல்லை. "மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் போகும்போது?" அதுவும் இல்லை. "அப்படியானால் முதலில் வண்டியின் கண்ணாடியைக் காட்டிவிட்டு வாருங்கள்" என்றார்.

எங்கள் தெருமுனையில் அம்பாசடர் காலத்திலிருந்து பட்டறை நடத்தும் பெரியவர் ஒருவர் உண்டு. அவர் கண்ணாடியின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் போன தடம் அப்படியே நின்றது. "கண்ணாடிக்கும் பாலிஷ் போட்டீங்களா சார்?" என்றார். தலையாட்டினேன். பானட்டைப் பார்த்து, "தோசைக்கல்லுக்கு வீட்டுல எண்ணெய் எப்படித் தடவுறாங்க? வெங்காயத்தைப் பாதியா நறுக்கி, தொட்டுத் தேய்ப்பாங்களா, இல்ல கரண்டியால ஊத்துவாங்களா?" என்று கேட்டார். அன்று மாலை முழுவதும் அவரிடம் பாடம் கேட்டேன்.

பாலிஷ் வேறு, மெழுகு வேறு என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. பாலிஷ் என்பது வண்ணத்தின் மேற்பரப்பை நுண்மையாகத் தேய்த்துக் கீறல்களைக் குறைப்பது. மெழுகு அதன் மேல் மெல்லிய காப்பாகப் படிவது. நல்ல மெழுகுகளில் சேரும் கர்னாபா என்பது வடகிழக்குப் பிரேசிலில் வளரும் ஒருவகைப் பனை இனத்தின் இலைகளிலிருந்து கிடைப்பது. வறண்ட காலத்தில் தன் ஈரம் வற்றிவிடாமல் காக்க அம்மரம் இலை மீது பூசிக்கொள்ளும் பூச்சு அது. இலைகளை வெட்டி உலர்த்தித் தட்டி எடுக்கிறார்கள். உருக 80 டிகிரி செல்சியஸுக்கும் மேல் வெப்பம் தேவைப்படும் அளவுக்குக் கடினமானது. அதைக் குழைத்துப் பூசுவதற்காக ஆவியாகும் கரைப்பான்களையும் எண்ணெய்களையும் சேர்க்கிறார்கள். திட்டுகளின் இரகசியம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. தகடு கொதிக்கும்போது கரைப்பான் சட்டென்று ஆவியாகி, மெழுகு சமமாகப் பரவுமுன் ஆங்காங்கே ஒட்டிக்கொள்கிறது. தடிமனாகப் பூசினாலோ மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவே இருக்கிறது. துடைக்கும்போது அந்த ஈரம்தான் இழுபட்டுப் பிசுக்காகிறது. நான் இரண்டு தவறுகளையும் ஒருசேரச் செய்திருந்தேன்.

ஆகவே நிழலில், தகடு குளிர்ந்த பிறகு, அதிகாலையிலோ மாலையிலோதான் இவ்வேலையைத் தொடங்க வேண்டும். முதலில் நன்றாகக் கழுவி, நீர் தானே உலர விடாமல் துடைத்துவிட வேண்டும். எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீர் காய்ந்தால் உப்புப் புள்ளி விடும். அதன் மேல் மெழுகு பூசினால் புள்ளியும் உள்ளேயே தங்கிவிடும். பிறகு ஒரு கதவு அளவுக்கு மட்டும், பூசியது தெரிகிறதா இல்லையா என்னும்படி மெல்லப் பூச வேண்டும். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பது டப்பாவில் எழுதியிருக்கும். ஆனால் ஐப்பசி மழைக் காற்றில் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். விரல் சோதனையே நம்பகமானது: விரலால் ஒரு முறை தடவினால் அடியில் பளிச்சென்று தெரிய வேண்டும். பிசுக்காக இழுபட்டால் இன்னும் பொறுக்க வேண்டும்.

துடைப்பதற்கு மைக்ரோஃபைபர் எனப்படும் நுண்ணிழைத் துணி. அதை நான்காக மடித்தால் இரு பக்கமும் சேர்த்து எட்டு முகங்கள் கிடைக்கும். ஒரு முகம் மெழுகேறியதும் அடுத்ததற்கு மாற வேண்டும். மெழுகை எடுக்க ஒரு துணி, இறுதியாக மெருகேற்ற மற்றொன்று. துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசக் கூடாது. அந்தத் திரவமே துணியில் தங்கிக் கோடிடும். ஏற்கெனவே விழுந்துவிட்ட திட்டுக்கு, குளிர்ந்த நீரைப் பனி போலத் தெளித்துச் சுத்தமான துணியால் துடைத்தாலே பெரும்பாலும் போதும். போகவில்லையெனில், மீண்டும் மிக மெல்லியதாக மெழுகு பூசி உடனே துடைத்தால், புதியதிலுள்ள கரைப்பான் பழையதையும் இளக்கி எடுத்து வந்துவிடும். என் பானட் இப்படித்தான் சரியாயிற்று.

கண்ணாடிக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு நீரில் கலந்து, இரண்டு முறை துடைத்தோம். வைப்பரின் ரப்பரையும் பெரியவர் விடவில்லை. "இதுல இருக்கிற மெழுகு நாளைக்குத் திரும்ப கண்ணாடிக்கு வந்துடும் சார்" என்று சொல்லித் துடைத்தார். துணியில் கறுப்பாக வந்தது.

அன்றிரவு மனைவியை அருகில் அமர்த்திக்கொண்டு பெரிய கோயில் வரை மெதுவாக ஓட்டிச் சென்றேன். எதிரே வந்த விளக்குகள் விளக்குகளாகவே தெரிந்தன. அவற்றைச் சுற்றி மெல்லிய வளையம் மட்டும் இருந்தது. அது கண்புரையின் பங்கு என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார்.

மகனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். சற்று நேரம் பேசாதிருந்தவன், "கண்ணு ரிப்போர்ட்டை அனுப்புங்கப்பா" என்றான். அனுப்பினேன். வண்டியை விற்பதில்லை, வெளியூரிலிருந்து விளக்கு வைக்குமுன் திரும்பிவிடுவது, ஆறு மாதத்துக்கு ஒரு முறை கண் சோதனை என்று மூவரும் சேர்ந்து ஏற்றுக்கொண்டோம்.

அந்தப் புல்லுக்கட்டு முதியவரை அதே சாலையில் இன்றும் கண்கள் தேடுகின்றன. பார்க்க முடியவில்லை.

காரில் இப்போது மூன்று துணிகள் இருக்கின்றன. கண்ணாடிக்குரிய துணியின் ஓரத்தில் என் மனைவி சிவப்பு நூலால் தையல் போட்டு வைத்திருக்கிறாள். அதை அவளைத் தவிர வேறு யாரும் துவைப்பதில்லை.