ஆயாவும் ஆச்சியும்

2006-ஆம் ஆண்டு திண்டிவனத்தில் விரிவுரையாளர் பணி கிடைத்து, விழுப்புரத்தில் குடியேறினேன். வண்டியிலிருந்து சாமான்களை இறக்கியவரிடம், "பைய இறக்குங்க அண்ணாச்சி" என்றேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "எந்தப் பைய சார்?" என்று கேட்டார். மெதுவாக என்பதற்குத் திருநெல்வேலிப் பக்கம் வழங்கும் சொல் அது என்று விளக்கினேன். அண்ணாச்சி என்பது இங்கே மளிகைக் கடைக்காரரைக் குறிக்கும் என்பதைப் பிறகு அறிந்தேன்.

அன்றுமுதல் ஊர் தெரியாத ஒரு பொதுத்தமிழுக்கு மாறிக்கொண்டேன். சுளகு முறமாயிற்று, வாரியல் துடைப்பமாயிற்று, சாரம் கைலியாயிற்று. தமிழாசிரியன் என்பதால் எவருக்கும் அது விநோதமாகப் படவில்லை. "சார் சுத்தத் தமிழ் பேசுவார்" என்ற பெயரும் கிடைத்தது. அதில் எனக்கு உள்ளூரப் பெருமை. அம்மைக்கு மட்டும் பிடிக்கவில்லை. தொலைபேசியில், "ஏல, யாருகிட்டப் பேசுதேன்னு நெனச்சிப் பேசுத?" என்பாள்.

அந்தப் பெருமையின் விலையை மாணவர்களும் கொடுத்தார்கள். இப்பகுதியில் நிலக்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை என்பதன் மரூஉ. கட்டுரையில் அச்சொல்லை எழுதிய மாணவனைச் சிவப்பு மையால் திருத்தினேன். அதே வாரம்தான் தொல்காப்பியத்தில் திசைச்சொல் நடத்திக்கொண்டிருந்தேன். செய்யுளுக்குரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாகத் தொல்காப்பியர் ஏற்றுக்கொண்டதை விரிவாக விளக்கியவன், ஒரு திசைச்சொல்லை அடித்துவிட்டு வந்திருந்தேன். சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தைச் சேர்ந்த கிடங்கல்தான் என்பதும் எனக்குத் தெரியும். வந்தேறியவன் நான், திருத்தப்பட்டவன் மண்ணின் பிள்ளை.

பிறிதொரு நாள் ஒரு மாணவன் விடுப்புக் கடிதத்தோடு வந்தான். "ஆயா இறந்துட்டாங்க சார்." கடிதத்தைப் பார்க்காமலே, "எந்தப் பள்ளிக்கூடத்து ஆயா?" என்று கேட்டுவிட்டேன். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அவன் தலைகுனிந்து நின்று, "எங்கப்பாவப் பெத்தவங்க சார்" என்றான். முதுகலைத் தமிழ் படித்தவனுக்கு, இழவு வீட்டுப் பிள்ளை தன் பாட்டியைப் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று விழுப்புரம் திரும்பும் 40 கிலோமீட்டரும் என் ஆச்சியின் நினைவாகவே இருந்தது. அவள் இறந்தபோது, "பாட்டி காலமானதால்" என்று விடுப்பு எழுதியிருந்தேன். வாழ்நாளில் ஒருமுறைகூட அவளை நான் பாட்டி என்று அழைத்ததில்லை.

கரிசல் வட்டார வழக்குக்கு அகராதி தொகுத்த கி.ராஜநாராயணன், இங்கிருந்து கூப்பிடு தூரத்துப் புதுச்சேரிக்கு வந்து, 2021-இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்தார். கரிசல் அவர் எழுத்தைவிட்டுப் போகவில்லை. இந்த மண்ணின் சொற்களைக் கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி'யாகத் தொகுத்திருக்கிறார். இப்போது அதை மேசைமேல் வைத்துக்கொண்டுதான் கட்டுரைகளைத் திருத்துகிறேன். பொதுத்தமிழைக் குறை சொல்ல மாட்டேன். அதில்லாமல் நானும் என் மாணவர்களும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டிருக்க முடியாது. ஆனால், அது பிறர் வாயை அடைப்பதற்கானது அன்று.

காரியம் முடிந்து அந்த மாணவன் திரும்பியதும் தனியே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "எனக்கும் ஓர் ஆச்சி இருந்தா" என்றேன்.

"ஆச்சின்னா, மனோரமாவா சார்?" என்றான்.

அவனுக்கு நான் பெயர்த்துச் சொன்னேன்.