பள்ளிகொண்டாவில் கேட்ட கடற்பாட்டு

வேலூரிலிருந்து மேற்கே பெங்களூர்ச் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் போனால் பள்ளிகொண்டா வந்து சேரும். இக்காலத்துப் பிரயாணிகளில் பலருக்கு இவ்வூர் சுங்கச் சாவடியால்தான் பரிச்சயம். வண்டியை நிறுத்திப் பணத்தைச் செலுத்தியதும் ஆம்பூரை நோக்கிப் பறந்துவிடுகிறார்கள். பாலாற்றங்கரையில் உத்தர ரங்கநாதர் ஆதிசேஷன்மேல் சாவகாசமாகச் சயனித்திருப்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. நாமும் பல தடவை அப்படிப் பறந்தவர்கள்தாம். செய்த பிழைக்குப் பரிகாரமாகச் சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் இறங்கிப் பார்த்துவிட்டோம். கல்லூரியில் படிக்கும் நம் சகோதரியின் பிள்ளையும் உடன் வந்திருந்தான்.

பெருமாள் பள்ளிகொள்ளும் இடம் பாற்கடல் என்று புராணங்கள் சொல்லுகின்றன. இங்கே கடல் இல்லை, பாலாறுதான் உண்டு. கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33, தமிழ்நாட்டில் 222 என்று நடந்து, வாயலூர் அருகே வங்கக் கடலில் கலக்கும் நதி இது. ஆனால் நாம் போன அன்று கண்ணுக்கெட்டிய தூரம் மணல்தான் தெரிந்தது. 2021 நவம்பரில் இதே ஆற்றில் இரு கரையும் புரளப் பெருவெள்ளம் வந்தது என்றால், அந்த மணலைப் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வருவது கஷ்டம்.

தரிசனம் முடிந்து மண்டபத்து நிழலில் உட்கார்ந்தோம். நம் மருமகன் கைப்பேசியை எடுத்து ஒரு பாட்டை மெதுவாக வைத்தான். ஒருவர் ஓர் அடி பாடுகிறார். பலர் சேர்ந்து கனத்த குரலில் பதில் கொடுக்கிறார்கள். இங்கிலீஷ் மாலுமிப் பாட்டு. சிறிது தூரத்தில் தூணில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் - எண்பது வயதுக்கு மேல் இருக்கும் - தலையைத் திருப்பினார்.

"என்னா பாட்டு தம்பி அது? ஏத்தம் எறைக்கிற பாட்டு மாதிரி இருக்குதே!"

"இது கப்பல்காரங்க பாட்டு, தாத்தா" என்றான் பையன்.

"இருக்கட்டும். கயிறு இழுக்கிறாங்களா, இல்லையா?"

நாம் அசந்து போனோம். ஏனென்றால் பெரியவர் ஒரே கேள்வியில் அந்தச் சங்கீதத்தின் ரகசியத்தையே பிடித்துவிட்டார்.

கயிறும் பாட்டும்

பாய்மரக் கப்பல் ஓடிய காலத்தில் கனமான பாயை மேலே ஏற்றுவதற்கு ஒருவர் பலம் போதாது. பத்துப் பேர் இழுத்தாலும் பத்துப் பேரும் ஒரே நொடியில் இழுத்தாக வேண்டும். அதற்காக ஏற்பட்டதே இப்பாட்டு. முன்பாட்டுக்காரர் ஓர் அடி பாடும்போது கைகள் இளைப்பாறும். மற்றவர்கள் பதில் அடி பாடும்போது, குறிப்பிட்ட இரண்டு அசைகளில் கயிறு இறங்கிவரும். நங்கூரம் தூக்கும் உருளையைச் சுற்றி நடக்கும்போது வேறு நடை. கப்பலில் புகுந்த தண்ணீரை இறைக்கும்போது மற்றொரு நடை. நல்ல பாட்டுக்காரன் ஒருவன் பத்து ஆளுக்குச் சமம் என்பது மாலுமிகளின் வழக்கு.

இப்பாட்டுகள் வெள்ளைக்கார மாலுமிகளின் தனிச் சொத்து என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவின் தென்பகுதித் துறைமுகங்களில் பருத்திப் பொதிகளைக் கப்பலுக்குள் திணித்த நீக்ரோத் தொழிலாளர்களின் பாட்டிலிருந்து இவற்றில் பெரும் பங்கு வந்தது என்று ஆராய்ச்சியாளர் சொல்லுகின்றனர். உழைப்பவன் பாட்டு எந்தக் கப்பலிலும் ஏறிக்கொள்ளும் போலும்!

நீராவிக் கப்பல் வந்தது, கயிறு போயிற்று, பாட்டும் போக இருந்தது. அச்சமயம் சிலர் விழித்துக்கொண்டார்கள். 1914-இல் ஸெஸில் ஷார்ப் என்பவர், இங்கிலாந்தில் வாச்செட் என்ற சிறிய துறைமுக ஊருக்குப் போய், ஜான் ஷார்ட் என்ற கிழ மாலுமியின் எதிரில் உட்கார்ந்தார். 1839-இல் பிறந்த அம்மனிதர் தம் நினைவிலிருந்து 57 பாட்டுகளைப் பாடிக் கொடுத்தார். அடுத்த பத்துப் பதினைந்து வருஷங்களில் அமெரிக்கரான கார்ப்பெண்டர், மெழுகு உருளையில் ஒலி பிடிக்கும் யந்திரத்துடன் பிரிட்டிஷ் துறைமுகங்களைச் சுற்றி, மாலுமிகளின் குரலையே பிடித்துவந்தார். 1929-இல் மூழ்கிய 'கார்த்பூல்' என்ற பாய்மரக் கப்பலில் வேலை செய்த ஸ்டான் ஹுகில், 1961-இல் இப்பாட்டுகளைப் பெரிய புத்தகமாக வெளியிட்டார்.

அப்புறம் நடந்ததுதான் விந்தை. 2011, 2012 ஆண்டுகளில் ஜான் ஷார்ட்டின் பாட்டுகளை இன்றைய பாடகர்கள் மூன்று இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார்கள். 2013-இல் ஒரு கடற்கொள்ளைக்கார வீடியோ விளையாட்டில் இப்பாட்டுகள் ஒலித்து, கடலையே பார்த்திராத பையன்கள் வாயில் புகுந்தன. 2020 டிசம்பரில், கொரோனாவுக்கு அஞ்சி உலகம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த சமயம், ஸ்காட்லாந்தைச் சேர்ந்த நேதன் இவான்ஸ் என்ற தபால்காரர் 'வெல்லர்மேன்' என்ற பாட்டைக் கைப்பேசி முன் பாடி வெளியிட்டார். முன்பின் அறியாதவர்கள் அவரவர் வீட்டில் இருந்தபடியே தங்கள் குரலை அதில் சேர்த்தார்கள். 1831-இல் நியூஸிலாந்தின் ஒடாகோவில் தளம் அமைத்த வெல்லர் சகோதரர்களின் பெயரைத் தாங்கிய திமிங்கில வேட்டைக்காரர் பாட்டு அது. கண்டிப்பாகச் சொன்னால் அது வேலைப் பாட்டே அல்ல, கதைப் பாட்டு. ஆனாலும் 1921 போய் 2021 வந்த பிறகு, மார்ச் மாதத்தில் பிரிட்டனில் முதலிடம் பெற்றது! நம் மருமகன் வைத்ததும் அதுவேதான்.

கேட்க இன்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்பதிவுகளில் ஒன்று குறைகிறது. பாடகர்களுக்கு அவசரம் அதிகம். கயிறு இழுக்காதவர்களுக்கு மூச்சு வாங்குவதில்லை அல்லவா? அதனால் இளைப்பாறும் இடங்கள் சுருங்கிவிடுகின்றன; அவ்விடங்களைக் கிதாரும் அக்கார்டியனும் நிரப்புகின்றன.

நம்மிடம் இல்லையா?

"நமக்கு இந்த மாதிரிக் கடற்பாட்டு உண்டா, மாமா?" என்று கேட்டான் பையன்.

ஏன் இல்லை? கரைவலை இழுக்கும் நம் மீனவர்கள் பாடுவதற்கு 'அம்பா' என்று பெயர். சோழமண்டலக் கரையிலும் யாழ்ப்பாணக் கரையிலும் அது வழங்கியது. ஓடக்காரர்களின் 'ஏலேலோ' இன்னொன்று. திருவள்ளுவரின் சீடனாக இருந்த ஏலேலசிங்கன் என்ற வணிகன் பெயரே அவ்வாறு நிலைத்தது என்று ஒரு கதை கூட உண்டு. கதை மெய்யோ பொய்யோ, துடுப்புப் போட்டவர்கள் அப்பெயரால் மூச்சைச் சேர்த்துக்கொண்டது மெய்.

பள்ளிகொண்டாவுக்கும் அந்தக் கடலுக்கும் சம்பந்தம் இல்லாமல் இல்லை. வேலூர், ஆம்பூர்ப் பக்கத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல்கள் சென்னையில் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போயின. சென்னையில் துறைமுகம் கட்டும் வரையில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே சரக்கையும் மனிதரையும் ஏற்றிச் சென்றது மசூலாப் படகு. ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும். அதை வலித்தவர்கள் அலையின் கணக்குக்கு ஏற்பப் பாடிக்கொண்டே வலித்தார்கள். அந்தப் பாட்டுக்கு வாச்செட்டில் கிடைத்ததைப் போல ஒரு ஷார்ப் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

குடையே ஏற்றக்கோல்

பெரியவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நான் சால் புடிச்சவன்" என்றார். பாலாற்றின் ஊற்றுக்கால்களும் கிணறுகளும் இந்தப் பிரதேசத்தை வாழவைத்த காலத்தில், விடியுமுன் ஏற்றம் இறைத்தவர். மேலே ஏற்றமரத்தின்மேல் முன்னும் பின்னும் இருவர் நடப்பார்கள். கீழே நிற்பவர் கோலைப் பிடித்துச் சாலை இறக்கி ஏற்றுவார். பாட்டு அவருடையது. பிள்ளையாரில் ஆரம்பித்து எத்தனை சால் என்று எண்ணிக்கொண்டே போகும். மேலே மிதிப்பவர்கள் அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுவார்கள். கவிச்சக்கரவர்த்தி கம்பரே ஓர் ஏற்றக்காரனின் பாதி அடியைக் கேட்டு, மீதி அடி தெரியாமல் இரவெல்லாம் தவித்தார் என்பது நாடறிந்த கதை. 'ஏற்றப் பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை' என்று பழமொழியே இருக்கிறது.

"பாடுங்க தாத்தா, பதிவு பண்ணிக்கிறேன்" என்று கைப்பேசியை நீட்டினான் பையன்.

பெரியவர் தொண்டையைக் கனைத்து ஆரம்பித்தார். மூன்றாவது அடியில் நின்றுவிட்டார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி அதே இடத்தில் நின்றார். "உக்காந்துகிட்டு இது வராது தம்பி" என்று சிரித்தார். பிறகு எழுந்து நம் கையிலிருந்த குடையைக் கேட்டார். அதைச் செங்குத்தாகப் பிடித்து, குனிந்து இறக்கினார், நிமிர்ந்து ஏற்றினார். என்ன ஆச்சரியம்! பாட்டுத் தானாக வந்தது. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும் வாயை மூடிக்கொண்டு ஒரு கணம் காத்திருந்தார். அது சால் கவிழ்ந்து தண்ணீர் கொட்டும் நேரம் என்று நாம் நினைத்தோம்.

முப்பத்திரண்டாவது சாலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "நடுவுல நிறுத்தி நிறுத்திப் பாடினீங்களே, தண்ணி கொட்டுறதுக்கா?" என்று கேட்டோம்.

"இல்லீங்க. மேல மிதிச்சவங்க பதில் சொல்லுற எடம் அது. ரெண்டு பேரும் போயிட்டாங்க."

மண்டபத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

மின்சாரப் பம்பு வந்து ஏற்றக்காரரின் முதுகு பிழைத்தது. அதை நாம் குறை சொல்லமாட்டோம். விடியுமுன் நூறு சால் இறைப்பது ஆனந்தம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் இறைத்துப் பார்க்கட்டும். தோல் பதனிடும் கழிவினால் பாலாற்று நீர் கெட்டதும், 1996-இல் சுப்ரீம் கோர்ட்டு அதைக் கண்டித்துத் தீர்ப்பளித்ததும் வேறு கதை. ஆனால் வேலை போனால் பாட்டும் போகத்தான் வேண்டுமா? பெர்ஸி மக்வீன் என்ற ஐ.ஸி.எஸ். அதிகாரி சேகரித்த நம் நாடோடிப் பாடல்களை, கி. வா. ஜகந்நாதன் பதிப்பாசிரியராக இருந்து, தஞ்சைச் சரஸ்வதி மகால் 1958-இல் 'மலையருவி' என்று வெளியிட்டது. நா. வானமாமலை 1964-இல் 'தமிழர் நாட்டுப் பாடல்க'ளைத் தந்தார். அவர்கள் செய்தது பெரும் தொண்டு. எனினும் அச்செழுத்துக்குக் குரல் கிடையாது. காத்திருக்கும் அந்த ஒரு கணமும் அதில் விழுவதில்லை.

நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டில் ஒலி பிடிக்கும் யந்திரம் ஒன்றுக்கு நாலாக இருக்கிறது. நாற்று நட்ட பாட்டியோ, வலை இழுத்த பெரியவரோ, ஏற்றம் மிதித்த தாத்தாவோ உங்கள் ஊரில் நிச்சயம் இருப்பார். போய்க் கேளுங்கள். கேட்கும்போது நாற்காலி போட்டு உட்கார வைக்காதீர்கள். கையில் ஒரு கயிற்றையோ கோலையோ கொடுங்கள். பதிவில் இடைவெளி விழுந்தால் வெட்டிவிடாதீர்கள்.

நாம் புறப்படும்போது, "மிச்சம் இருக்குது. நூறு சால் வரைக்கும் போகும்" என்றார் பெரியவர். மறுநாள் நம் மருமகன் கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டுத் தன் தோழர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு பள்ளிகொண்டாவுக்குப் பஸ் ஏறினான். பதில் சொல்ல ஆள் வேண்டுமாம். குடையையும் மறக்காமல் எடுத்துப் போனான்.